தைப்பூசத்துக்கு 500 பேருக்குச் சோறு: என் கணக்கு பிழைத்த இடங்கள்

வடலூர் போகிற வழியில் பந்தல் போட்டு ஒரு நாள் அன்னதானம் செய்தேன். 52,000 ரூபாய் செலவு. சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய 350 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு தட்டுக்கு 150 ரூபாய், ஓட்டலில் உட்காரவைத்து வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதோடு முடியவில்லை. மிஞ்சிய சோற்றால் ஒரு பசுமாடு சாகப் பார்த்தது. யாரிடமும் யோசனை கேட்காமல் தனியாக இறங்கியதுதான் முதல் தப்பு. அடுத்து இறங்குகிறவர்களுக்காவது உதவட்டும் என்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என்னை இழுத்துவிட்டது வள்ளலாரின் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூல். அதில் பசியைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். அது உபதேசம் மாதிரியே இருக்காது, வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து எழுதிய குறிப்பு மாதிரி இருக்கும். பசி முற்றினால் கண் பஞ்சடைந்து குழிந்துபோகும், காதில் கும்மென்று சத்தம் கேட்கும், நாக்கு உலர்ந்துபோகும், கைகால் துவளும், பேச்சுக் குளறும் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போவார். பட்டினியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காத ஒருவரால் அப்படி எழுத முடியாது. வாடிய பயிரைக் கண்டு வாடினேன் என்று பாடியதோடு நிற்காமல், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். 21 அடி நீள அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை, இன்றைக்கும் மூன்று வேளையும் சோறு போகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒரு நாள் அடுப்பு என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. அந்த எண்ணத்தைத்தான் முதலில் தட்டிவைத்திருக்க வேண்டும்.

பணத்திலிருந்தே தொடங்குகிறேன். கையில் 30,000 இருந்தது, மீதிக்கு வீட்டு நகையை அடகு வைத்தேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சொன்னது. தன்னையே நம்பியிருக்கும் குடும்பத்தைப் பசியில் வாட விட்டுவிட்டு அயலார் பசியைப் போக்கப் புறப்படுவது கடவுளுக்குச் சம்மதமில்லை என்று அதே நூலில் வள்ளலார் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லைதான். ஆனாலும் அந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். கடன் வாங்கி அன்னதானம் வேண்டாம். கையில் இருக்கும் பணத்திலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மிச்சத்துக்குத் திட்டம் போடுங்கள். அந்த ஒரு பங்கு கட்டாயம் தேவைப்படும்.

அடுத்து, பேனர். 1,800 ரூபாய்க்கு ஃபிளெக்ஸ் அடித்தேன். வள்ளலார் படம், கீழே குடும்பத்தார் பெயர், அதற்குக் கீழே என் பெயர் கொஞ்சம் பெரிதாக. அனுமதி வாங்காமல் சாலையோரம் கட்டியதால் காலை 8 மணிக்கே கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றி மடித்து வைக்கும்போது உறுத்தியது, ஏனென்றால் நான் படமாக மாட்டிய மனிதர் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அவருடைய பாடல்கள் அச்சுக்குப் போனபோது, ‘ராமலிங்கசாமி’ என்று தன் பெயரைப் போடுவதில் சம்மதமில்லை, அது ஆரவாரமான பெயராகத் தோன்றுகிறது, அப்படி வழங்க வேண்டாம் என்று சென்னை அன்பர் ஒருவருக்குக் கடிதமே எழுதினார். கையெழுத்து ‘சிதம்பரம் இராமலிங்கம்’ என்றுதான் போடுவார். காவியும் கட்டவில்லை, உடம்பைப் போர்த்திய வெள்ளைத் துணிதான். பேனருக்குப் போன 1,800 ரூபாயில் ஒரு சிப்பம் (மூட்டை) அரிசி வாங்கியிருக்கலாம். செலவு என்று மட்டும் இதைச் சொல்லவில்லை. பெயர் போட்டுவிட்டால் ‘நம்ம பந்தல் பக்கத்துப் பந்தலுக்குக் குறைச்சலாக இருக்கக் கூடாது’ என்ற எண்ணம் தானாக வந்துவிடும். என் பட்டியலில் கேசரி ஏறியது அப்படித்தான்.

பட்டியலில் சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கேசரி, உருளைக்கிழங்குப் பொரியல் என்று ஐந்து வகை இருந்தது. புதிதாகச் செய்கிற பலரும் விழுகிற பள்ளம் இங்கேதான் இருக்கிறது. 500 பேர் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக 500 பேருக்குக் கணக்குப் போட்டேன். சாம்பார் சாதத்துக்கு இரண்டு சிப்பம், மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. இப்போது வருகிற சிப்பம் 26 கிலோ, ஆக 104 கிலோ அரிசி. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு வயிறுதானே! கலந்த சாதம் என்றால் ஒருவருக்கு 100 முதல் 120 கிராம் அரிசி போதும், எத்தனை வகை போட்டாலும் மொத்தம் அவ்வளவுதான். 500 பேருக்கு 55 கிலோ, தாராளமாக என்றால் 60. ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதிகப்படியாகப் போட்ட 45 கிலோ அரிசி கடைசியில் நூறு கிலோவுக்கு மேல் சோறாக என் முன்னால் நின்றது. சாம்பார் சாதத்துக்குப் பருப்பு, அரிசியில் நாலில் ஒரு பங்கு. அதையும் காயையும் தனித்தனியாக வேகவைத்துக் கடைசியில் கலக்க வேண்டும். மொத்தமாக அண்டாவில் போட்டால் பருப்பு கீழே தங்கி அடிப்பிடிக்கும். எங்கள் முதல் அண்டா பிடித்தது. நான் பதறிப்போய்க் கரண்டியைப் போட்டுக் கிண்டப் போனேன். சமையல் மாஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார். “தம்பி, கிளறுனீங்கன்னா மொத்தமும் தீய்ஞ்ச வாடை வந்துடும். அடியைத் தொடாம மேலாப்புல மட்டும் அள்ளி வேற பாத்திரத்துக்கு மாத்துங்க.” பத்து கிலோதான் போனது, மீதி பிழைத்தது.

சமைக்கிற நேரமும் தப்பு. அதிகாலை 3 மணிக்கு அடுப்பு மூட்டி 6 மணிக்கெல்லாம் எல்லாம் தயார். பரிமாறத் தொடங்கியதோ 11 மணிக்கு. ஐந்து மணி நேரம் சோறு மூடிய அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்குத் தெரியாது. சோற்றில் கொதியிலும் சாகாத ஒரு வகைக் கிருமி விதை உண்டு. கைபொறுக்கும் சூட்டில் சோறு கிடந்தால் அது முளைத்து நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவுதான் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி எடுக்க வைப்பது அதுதான். பெரிய அண்டா தானாக ஆறுவதற்குப் பாதி நாள் ஆகும் என்பதால் வீட்டுப் பானையைவிட அண்டாவில் ஆபத்து அதிகம். ஆகவே, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீரும் அளவுக்கு இரண்டு மூன்று ஈடாகச் சமைக்க வேண்டும். இல்லையென்றால் தணலில் வைத்து, தொட்டால் சுடுகிற சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தயிர் சாதத்தைக் குழைய வடித்துச் சூட்டோடு பால் விட்டு மசித்து ஆறவைத்துவிட்டு, தயிரைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் கலக்க வேண்டும். நாங்கள் காலையிலேயே மொத்தத் தயிரையும் கொட்டியதால் 1 மணிக்கே புளித்துவிட்டது. எலுமிச்சையைச் சோறு இறங்கிச் சூடு தணிந்த பிறகு பிழிய வேண்டும், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். உருளைக்கிழங்குதான் முதலில் நூல் விட்டது. வள்ளலார் அன்றாட ஒழுக்கம் பற்றிச் சொன்ன இடத்தில் கிழங்கு வகை வேண்டாம், கருணைக்கிழங்கு மட்டும் ஆகலாம், பழைய கறி கூடாது, புளியும் மிளகாயும் குறைவாக, மிளகும் சீரகமும் கூடுதலாக என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உடம்புக்காக. ஆனால் கூட்டத்துக்குச் சமைக்கிறவன் கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் எடுக்க வேண்டும். மூன்று எடுத்தால் ஒன்று உபரியாக நிற்கட்டும். அன்னதானமே ஆனாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கடையில் ‘பேப்பர் தட்டு’ என்று கொடுப்பதில் பாதி அந்த ரகம்தான். நகத்தால் சுரண்டினால் மெல்லிய ஏடு உரிந்து வரும். தையல் இலையோ பாக்குமட்டையோ எடுங்கள்.

இனி என்னை அதிகம் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். பகல் 12 மணிக்குக் கூட்டம் அலைமோதும் என்று நினைத்திருந்தேன். எதிரே சாலை நிறைய வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக ஜனம் போய்க்கொண்டிருந்தது, பந்தலில் ஆள் இல்லை. ‘கடை விரித்தோம், கொள்வாரில்லை’ என்ற வாசகத்தை மேற்கோளாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கையில் கரண்டியோடு நின்றபோதுதான் புரிந்தது. காரணம் எளிது. தைப்பூசத்தன்று வடலூரில் வள்ளலார் கட்டிய ஞானசபையில் ஏழு திரையும் நீக்கி ஆறு காலம் ஜோதி தரிசனம் காட்டுவார்கள்: காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் அதிகாலை 5.30. ஒவ்வொரு தரிசனத்துக்கும் முன்னால் ஜனம் சபையை நோக்கி ஓடும், அப்போது யாரும் சாப்பிட நிற்க மாட்டார்கள். நான் 1 மணி தரிசனத்துக்கு நேர் எதிராக இலை போட்டிருந்தேன். அது போக, என் பந்தலுக்கு முன்னால் ஐந்தாறு பந்தல். கேசரி, பொங்கல், மோர், தர்பூசணி எல்லாம் முடித்துவிட்டுத்தான் ஆட்கள் என்னிடம் வந்தார்கள். “போதும்ப்பா, கொஞ்சமா வையி, பிரசாதமா வாங்கிக்கிறேன்” என்று ஒரு கரண்டி வாங்கிப் பாதியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்களே அதிகம்.

வள்ளலார் மூட்டிய அடுப்பு பசிக்காக மூட்டியது. நான் பசி இல்லாத இடத்தில், பசி இல்லாத நேரத்தில் அடுப்பு வைத்தேன். பசித்தவர்கள் அன்று இல்லாமலா போனார்கள்? விடியற்காலை 4 மணிக்கு, ராத்திரி முழுக்க நடந்துவந்து சாலையோரத்தில் துண்டை விரித்துக் கிடந்தவர்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில் எந்தப் பந்தலும் திறந்திருக்கவில்லை. குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் இருந்தார்கள், தட்டு ஏந்தி வரிசையில் நிற்க அவர்களுக்கு நேரம் கிடையாது, போய்த்தான் கொடுக்க வேண்டும். கடையை விட்டு நகர முடியாத பலூன்காரர், போக்குவரத்தை ஒழுங்கு செய்கிற காவலர், வண்டியைக் காத்துக்கொண்டிருந்த டிரைவர் எல்லாரும் இருந்தார்கள். மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு பஸ் கிடைக்காமல் கிடந்தவர்களுக்கும் பந்தல் எதுவும் இல்லை. முதல் நாளே இரண்டு மணி நேரம் நடந்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் சோறு இல்லை என்று பார்த்திருந்தால் போதும்.

ஒருவரை நாங்கள் திருப்பியும் அனுப்பினோம். உதவிக்கு வந்த பையன், “குடிச்சிருக்கார் சார், இங்க வேணாம்” என்றான். அந்த ஆள் சண்டை போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை, தெரிந்தே சும்மா இருந்தேன். பசியென்று வருகிறவர் எந்த தேசம், எந்த சமயம், எந்த சாதி என்று மட்டுமல்ல, எந்தச் செய்கை உடையவர் என்றும் பிரித்து விசாரிக்காதே என்று அந்த நூல் சொல்கிறது. அந்தக் கடைசி வார்த்தை எதற்கு என்று படிக்கும்போது எனக்கு விளங்கவில்லை, இந்த ஆளுக்காகத்தான் போலிருக்கிறது. உதவிக்கு ஆள் சேர்க்கும்போதே சொல்லிவையுங்கள், தட்டை நீட்டியவரிடம் கேள்வி இல்லை. இரண்டாம் தடவை வந்தாலும் இல்லை. டோக்கன் முறையும் வேண்டாம், டோக்கன் கொடுக்கிறவனுக்கு ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது.

4 மணிக்குச் சாம்பார் சாதம் வாடை அடித்தது. அண்டா அண்டாவாகச் சோறு. கொட்ட மனம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் மாடுகள் கட்டியிருந்தன. வாயில்லா ஜீவனாவது தின்னட்டும் என்று, வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு அன்னக்கூடை நிறையத் தொட்டியில் கவிழ்த்தேன். மாடு ஆவலாகத் தின்றது. எனக்கு மனசு குளிர்ந்தது. இரவு 10 மணிக்கு அந்த அக்கா பந்தலைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். “என்னத்தைப்பா போட்ட? மாடு அசை போடல, எழுந்திரிக்கல.” போய்ப் பார்த்தால் இடது வயிறு தம்மென்று ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு, சோடா உப்புக் கரைசலைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார். விடியற்காலையில்தான் அசை போடத் தொடங்கியது. அந்தச் செலவு 2,300 ரூபாய். டாக்டர் சொன்னதை அப்படியே தருகிறேன்: மாட்டு வயிறு வைக்கோலையும் புல்லையும் நொதிக்கவைக்கப் பழகியது. சோறு மாதிரி மாவுப்பொருள் ஒரே வேளையில் நிறைய உள்ளே போனால் அது வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும், இரைப்பை நின்றுபோகும், கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் மாடு செத்துவிடும். பொங்கல், திருவிழா, கல்யாணம் முடிந்த மறுநாள் இப்படி வருகிற கேஸ்கள் அதிகமாம். மிஞ்சிய சோற்றை மாட்டுக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே தின்றுவிட்டது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எல்லா உயிரையும் தன்னுயிராகப் பார் என்றவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் செய்த காரியம் இது. அந்த அக்கா திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். காலையில் எனக்கும் சேர்த்து டீ போட்டுக் கொடுத்தார்.

மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைத்தோம். அதற்கும் கூலி 800 ரூபாய். கெடாத சோறு மிஞ்சுகிறது என்று 1 மணிக்கே தெரிந்துவிடும், அப்போதே கொண்டுபோக வேண்டும். முதியோர் இல்லம், விடுதி என்று இரண்டு மூன்று இடத்தின் பொறுப்பாளர்களிடம் முந்தின வாரமே பேசிவைத்து, அவர்கள் சாப்பிடும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 4 மணிக்கு மேல் எடுத்துப்போய்க் கொடுப்பது தானம் இல்லை, நம் குப்பையை அவர்கள் வாசலில் இறக்குவது.

அதற்கு அடுத்த வருஷத் தைப்பூசத்துக்குக் கஞ்சி மட்டும்தான் ஊற்றினோம். 150 பேருக்கு 6 கிலோ பச்சரிசி, 600 கிராம் பாசிப்பருப்பு, கொஞ்சம் தாராளமாக மிளகும் சீரகமும், இஞ்சி, உப்பு. ஒரு கிலோ அரிசிக்கு எட்டு லிட்டர் கஞ்சி வரும், ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர், சுமார் 300 மில்லி. தேங்காய்த் துவையல் சீக்கிரம் கெடும் என்பதால் பொட்டுக்கடலைத் துவையல். இரவு 2 மணிக்கு உலை வைத்து 3.30-க்கு ஊற்றத் தொடங்கினோம், 5.30-க்குப் பானை காலி. காலை 6 மணி தரிசனத்துக்கு ஜனம் எழுந்து ஓடும் முன்பே முடிந்தது. பந்தல் இல்லை, பேனர் இல்லை, ஒரு டிரை சைக்கிளில் பானையை வைத்துத் தள்ளிக்கொண்டே போனோம். மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள். அதிலும் ஒரு தப்பு நடந்தது. சில்வர் டம்ளர் 60 மட்டும் எடுத்துப்போனோம். கஞ்சி சூடு அதிகம், ஊதி ஊதித்தான் குடிக்க முடியும், ஒரு டம்ளர் திரும்பிவரப் பத்து நிமிஷம் ஆகிறது. கழுவ வெந்நீர் ஒரு வாளி, அலச ஒரு வாளி, அதற்கு ஒரு ஆள் போதவில்லை. வரப்போகிற தைப்பூசத்துக்கு இன்னும் 40 டம்ளரும் கழுவ இன்னொரு ஆளும் வேண்டும். டம்ளர் கழுவ நானே உட்கார்வதாக இருக்கிறேன், ஊற்றுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.